வரிசையின் நடுவில் ஓர் இடம்

பெண்களுக்கு ஒரு பெண் தொழவைக்கும்போது முன்னால் போய்த் தனியாக நிற்கக் கூடாது. ஆண் இமாம் அப்படித்தான் நிற்பார். அவருக்கு முன்னால் சுவர், பின்னால் ஜனம். பெண் வரிசைக்குள்ளேயே, நடுவில், மற்றவர்களோடு தோள் ஒட்டி நின்றுதான் தொழவைக்க வேண்டும். நபிகள் நாயகத்தின் மனைவியர் அப்படித்தான் நின்று தொழவைத்தார்கள் என்று எங்கள் ஊர் தைக்காவில் சொல்லிக்கொடுத்தார்கள். சின்ன வயதில் எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. கல்யாணமாகி, புருஷன் சவுதிக்குப் போய், மாமியும் மௌத்தாகி, அறை அறையாக நீண்டு கிடந்த அந்த வீட்டில் தனியாக நின்றபோதுதான் அதன் அருமை தெரிந்தது. வருஷம் முழுக்க என்னைத் தொட ஆள் இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. ரமலான் மாதத்தில் மட்டும் என் இரண்டு தோளுக்கும் ஆள் இருந்தது.

நான் வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக்காரி. எங்கள் ஊரில் பெண்கள் தொழுவதற்கென்றே ஒரு தைக்கா உண்டு. பெண்ணே தொழவைப்பாள், பெண்ணே ஓதிக்கொடுப்பாள், ஊரில் ஒரு பெண் மௌத்தானால் அங்கிருந்துதான் குளிப்பாட்டப் போவார்கள். ஆண்கள் அந்த வாசலில் செருப்பைக்கூட விட மாட்டார்கள். என்னைக் கட்டிக்கொடுத்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம், நாலு புறமும் வயல் சூழ்ந்த ஊர். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. தொழும் முறையில் நாங்கள் ஷாபி மத்ஹபு, இவர்கள் ஹனபி மத்ஹபு. இமாம் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதி முடித்ததும் நாங்கள் ‘ஆமீன்’ என்று உரக்கச் சொல்வோம்; இவர்கள் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்கள். வந்த புதிதில் நான் உரக்கச் சொன்னதைக் கேட்டு, “உப்பளத்துக் காக்காயை ஓட்டுன தொண்டையாக்கும்” என்று என் மாமி சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. புதுப் பெண் அல்லவா, அடக்கிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஆண்கள் சபரில் இருந்தார்கள். சவுதி, துபாய், மலேசியா. தெருவே பெண்கள் தெரு. என் புருஷன் மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவார். ஊரில் மழையா, தென்னை காய்க்கிறதா, நீ வேளாவேளைக்குச் சாப்பிடு என்று ஒரு பக்கம் முழுக்கப் பேசுவார். நான் டேப்பைப் போட்டுவிட்டு அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன். கேசட்டுக்கு ‘ம்’ கொட்டிய பைத்தியம் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். எதிர்வீட்டு லாத்தாவும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

லாத்தா என்றால் அக்கா; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் புருஷன் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார். சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும் குரல் லாத்தாவுக்கு. சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு ரமலானில், வைக்கோல் வாசம் வீட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்த சமயம், நான் அவரிடம் கேட்டேன். இத்தனை பெண்கள் ஆளுக்கொரு வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் தனித்தனியாக ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹைத் தொழுகிறோமே, என் வீட்டுக் கூடம் சும்மாதானே கிடக்கிறது, எல்லோரும் அங்கே வந்தால் என்ன என்று.

“யாரு தொழவைக்கிறது?”

“நான்தான்.”

“பொம்பளையா? கூடுமா?”

“எங்க ஊர்ல கூடும். உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்ட கேட்டா, உங்க மத்ஹபுல அது வேணாம்பாரு.”

லாத்தா தலையைச் சொறிந்தார். “உங்க ஊர்ல கேக்குற அல்லாஹ் எங்க ஊர்ல காதைப் பொத்திக்குவானா? எத்தனை பாய் வேணும், அதைச் சொல்லு.”

முதல் நாள் இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தார்கள். ஆண் இமாமைத் தவிர வேறு யாரையும் பார்த்திராத பெண்கள். யாரோ மக்காவிலிருந்து கொண்டுவந்த வெல்வெட் முஸல்லா விரிப்பை எனக்கென்று எல்லோருக்கும் முன்னால், தன்னந்தனியாக விரித்து வைத்திருந்தார்கள். மரியாதையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்னை எதுக்கு ஒதுக்கி வைக்கிறீங்க? நான் என்ன தீண்டத்தகாதவளா?” என்று அதை இழுத்து வரிசையின் நடுவில் போட்டேன். வெலவெலத்துப் போனார்கள். நடுவில் நிற்பதுதான் முறை என்று பிறகு விளக்கிச் சொன்னேன். லாத்தா உடனே என் வலப்பக்கம் வந்து தோளை ஒட்டிக்கொண்டு நின்றார். “அப்ப இது என் எடம். ஒருத்தியும் வரக் கூடாது” என்றார்.

அல்ஹம்து ஓதி முடித்தேன். ஒரே நிசப்தம். என் ஊரில் அந்த இடத்தில் கூரை அதிரும்.  அடுத்த ரக்அத்தில், தொழுகையின் அடுத்த சுற்றில், மறுபடி ஓதி முடித்தபோது வலப்பக்கத்திலிருந்து ‘ஆமீன்’ என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. தொழுது முடித்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். “இவ மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன்டி” என்றார் லாத்தா. அன்றைக்குப் பிறகு எல்லோரும் உரக்கச் சொல்லத் தொடங்கினார்கள். பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி என் புருஷனுக்கு மூத்த அண்ணன். நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவர் வந்து வாசலில் நின்றபடி சொன்னார்: “வீட்டுக்குள்ள வச்சுக்கம்மா. சத்தம் தெருவுக்கு வராம பாத்துக்க.”  நான் ஜன்னல்களைச் சாத்திவைத்தேன்.

அப்படிச் சில வருஷங்கள் ஓடின. ரமலான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து நகர்ந்து அறுப்பிலிருந்து மழைக்காலத்துக்கு வந்தது. தொழவைக்கிறவள் என்று ஆனதும் மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. சொத்தில் மகளுக்கு என்ன பங்கு, தலாக் என்று போனில் சொன்னால் அது தலாக்கா, புருஷன் இறந்து இத்தா இருக்கிறவள் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பெண்கள் கேட்டு வந்தார்கள். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை எங்கள் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வேன். ஒரு பெண் மௌத்தானால் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ரமலான் முடிந்த மறுநாள், கூடத்தில் பாய்களைச் சுருட்டி வைக்கும்போது, வீடு என்னைப் பார்த்து ‘இனி நீயும் நானும்தான்’ என்று சொல்வது போலிருக்கும். எனக்கு அழுகை வரும். அடுத்த பிறைக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுவேன்.

பிறகு சபராளிகள் எல்லோரும் சேர்ந்து பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். மேல்தளம் பெண்களுக்கென்று விட்டார்கள். தனிப் படிக்கட்டு, கண்ணாடி அடைத்த கூடம், கார்ப்பெட், மின்விசிறி, கீழே ஹஜ்ரத் ஓதுவது மேலே கேட்க ஸ்பீக்கர். இந்த ஊரில் பெண்கள் பள்ளிவாசலுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நானும் சந்தோஷப்பட்டேன், இல்லை என்றால் பொய். ஆனால் என் வீட்டுக் கூடத்தில் வரிசை சுருங்கியது. அங்கே குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதும் ஹாபிழ், எனக்குத் தெரிந்ததோ சில சூராக்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? கடைசியில் நானும் லாத்தாவும் மட்டும் மிஞ்சினோம்.

“நீயும் வாயேன்டி” என்றார் லாத்தா. “பள்ளிவாசல்ல தொழ நமக்குக் கொடுத்துவைக்கலையேன்னு நீதானே பொலம்புவே? இப்ப தொறந்து வச்சிருக்கான், முறுக்கிக்கிட்டு நிக்கிறியே.”

போனேன். கூட்டத்தில் கடைசியாகப் போனவளுக்கு மூலைதான் கிடைத்தது. ஒரு தோளில் லாத்தா, மறு தோளில் சுவர்.

ஐப்பசி அடைமழை. அன்று சாயங்காலத்திலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. இஷா தொழுகை முடிந்து தராவீஹ் தொடங்கியது. ஒரு ரக்அத்தில் நாங்கள் ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்த நேரம், கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. ஸ்பீக்கர் நின்றது. கூரைத் தகரத்தில் மழை அடிக்கும் சத்தம் மட்டும். கீழே ஹஜ்ரத் எழுந்துவிட்டாரா இல்லையா, ஒருத்திக்கும் தெரியவில்லை. இமாம் தக்பீர் சொன்னால்தான் எழ வேண்டும். கூடம் நிறைந்த பெண்கள், நெற்றி தரையில், கும்மிருட்டு. ஒருத்தியும் எழவில்லை. எங்கோ ஒரு குழந்தை ‘உம்மா, உம்மா’ என்று அழுதது. அதன் தாயும் எழவில்லை.

எவ்வளவு நேரம் கிடந்தோமோ. ஒரு ஹஜ்ரத் இவ்வளவு நேரமா ஸஜ்தா செய்வார்! கீழே ஆண்கள் அடுத்த ரக்அத்தையே முடித்திருப்பார்கள். இருட்டில் இத்தனை பெண்களும் யாராவது ஒருவர் சொல்லட்டும் என்று காத்துக் கிடந்தார்கள். இது பள்ளிவாசல். இங்கே பெண் குரல் எழும்பியதே இல்லை. லாத்தாவின் முழங்கை என் விலாவில் இடித்தது. தெரியாமல் பட்டதா, வேண்டுமென்றே இடித்தாரா, எனக்குத் தெரியாது.

“அல்லாஹு அக்பர்” என்றேன். மழையைத் தாண்டிக் கேட்கிற மாதிரி, எங்கள் ஊர்த் தொண்டையில்.

கூடம் முழுக்கப் புடவைகள் சரசரத்தன. எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். மறுபடி சொன்னேன், மறுபடி ஸஜ்தா. மறுபடி சொன்னேன், எழுந்து நின்றார்கள். இனி ஓத வேண்டும். மூலையில், சுவரோரம் நின்றபடியே அல்ஹம்து சூராவை ஓதினேன்.  முடித்ததும் என் வலப்பக்கத்திலிருந்து உரக்க ஓர் ஆமீன் வந்தது. அதைத் தொடர்ந்து கூடம் முழுக்க ஆமீன். மழைச் சத்தத்தையே அமுக்கிவிட்டது. என் ஊர் தைக்காவுக்குத் திரும்பிப் போய்விட்டது போலிருந்தது எனக்கு. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது கரண்ட் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு பெண் என் கையைப் பிடித்து, “நல்லவேளை, நீங்க இருந்தீங்க” என்றாள்.

மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் எங்கள் தெருவுக்கு வந்தார். லாத்தா வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தோம். அவர் லாத்தாவைப் பார்த்துக் கேட்டார்: “நேத்து மேல யாரோ சத்தம் போட்டு ஓதுனாங்களாமே. யாரு அது?”

லாத்தா இஞ்சியைப் பார்த்தபடி, “தெரியலைண்ணே. இருட்டா இருந்துச்சு” என்றார்.

மற்றவர்களும் தலையாட்டினார்கள். நேற்று என் கையைப் பிடித்தவளும்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருட்டில் யார் என்றே தெரியாத ஒருத்தியா நான்? இத்தனை வருஷம் தோளை ஒட்டி நின்ற தோளுக்கு என் குரல் தெரியாதா?

“நான்தான் மச்சான்” என்றேன்.

மச்சான் கண்ணை மூடித் திறந்தார். “எனக்குத் தெரியும்மா. தெரியாமலே இருக்கட்டும்னுதான் கேட்டேன். யாருன்னு தெரியலைன்னு ஜமாஅத்துல சொல்லி முடிச்சிருப்பேன். இப்ப நீயே சொல்லிட்டே. நான் என்னத்தச் சொல்றது?”

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஊர் ஜமாஅத்தில் ஆண்கள் கூடிப் பேசினார்கள். பெண் குரல் பள்ளிவாசலில் கேட்டது சரியா, இமாம் கீழே இருக்க மேலே இன்னோர் இமாமா என்று பேச்சு வளர்ந்திருக்கிறது. இன்வெர்ட்டர் வாங்கி மாட்டும்வரை பெண்கள் தளத்தைப் பூட்டிவைப்பது என்று முடிவானது. அந்த ரமலானின் மிச்ச நாள்கள் முழுக்க அது பூட்டியே கிடந்தது. முதல் தடவையாகக் கிடைத்த பள்ளிவாசல் என்னால் பறிபோய்விட்டது என்று பெண்கள் நினைத்தார்கள். என் வீட்டுக் கூடத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். ஒருத்தியும் வரவில்லை.

புருஷனுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் சிரித்தார். “அல்லாஹு அக்பர்னு சொன்னதுக்கா இவ்வளவு கூத்து?” என்றார். எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. உடனே, “சரி சரி, அண்ணன் சொல்றதக் கேட்டு நடந்துக்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதற்கு நான் ‘ம்’ கொட்டவில்லை.

லாத்தாவோடு பேச்சு நின்றது. அவர் வந்து பேச முயன்றார். “உன்னைக் காப்பாத்தத்தான்டி அப்படிச் சொன்னேன்” என்றார். இருக்கலாம். காப்பாற்றுவதற்கு என்னை இல்லாதவளாக ஆக்கத்தான் வேண்டுமா? “இருட்டா இருக்கு, நீங்க யாருன்னு தெரியலை” என்று பட்டப்பகலில் சொல்லிக் கதவைச் சாத்தினேன். எனக்கு வாய் அப்படி.

அடுத்த வருஷம் இன்வெர்ட்டர் வந்தது, மேல்தளம் திறந்தது, எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. ஒவ்வொரு ரமலானிலும் பிறை பார்த்ததும் கூடத்தைக் கழுவி, இரண்டு பாய் விரிப்பேன். எனக்கு ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டு பேர் இருந்தால் போதும், அது கூட்டுத் தொழுகை, ஜமாஅத் ஆகிவிடும். அந்த இரண்டாவது ஆள் இமாமின் வலப்பக்கம் நிற்க வேண்டும். விரிப்பேன், தனியாகத் தொழுவேன், இரண்டையும் சுருட்டுவேன். எதிர்வீட்டில் லாத்தா மருமகளைக் கூப்பிடும் சத்தம், சிரிக்கும் சத்தம் எல்லாம் கேட்கும். பள்ளிவாசலுக்குப் போகும்போது என் வாசலைத் தாண்டும் செருப்புச் சத்தமும் கேட்கும். யாருடைய செருப்பு என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் அந்தச் செருப்பின் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. என் புருஷன் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, வந்த சுவடு தெரியாமல் போய்க்கொண்டிருந்தார். சில நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே நோன்பு திறந்து, தொழுது, படுத்திருக்கிறேன். தனியாகத் தொழுகிறவள் அல்ஹம்துக்குப் பிறகு ஆமீனைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு சின்னதாகக் கேட்கும் தெரியுமா!

ரமலான் ஆடி மாதத்துக்கு நகர்ந்து வந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. புழுக்கம் தாங்காமல் அன்று ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தேன். இஷா பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆனபின் வாசலில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. லாத்தா நின்றிருந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்திருந்தார்.

“முட்டி போச்சுடி. மாடிப்படி ஏற முடியலை” என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? “அதுக்காகத்தான் வந்தீங்களா?”

“ஆமா. வேற எதுக்குன்னு பொய் சொல்லச் சொல்றியா? ஒரு தடவை சொன்னது போதும்.”

நான் வழியை மறித்துக்கொண்டே நின்றேன். அவர் என்னைத் தாண்டிக் கூடத்தைப் பார்த்தார். இரண்டு பாயும் விரித்துக் கிடந்தன.  கண் நிறைந்துவிட்டது. நான் நாற்காலியை வாங்கி உள்ளே கொண்டுபோய், என் வலப்பக்கத்துப் பாயின் மேல் போட்டேன்.

“ஜன்னலைச் சாத்தலையா?” என்று கேட்டார்.

“புழுங்குது” என்றேன்.

தக்பீர் கட்டினேன். அவர் உட்கார்ந்திருந்ததால் அவருடைய தோள் என் தோளுக்கு எட்டவில்லை, இடுப்புக்குத்தான் வந்தது. அல்ஹம்து ஓதி முடித்தேன். பக்கத்திலிருந்து ‘ஆமீன்’ என்று வந்த சத்தம் திறந்த ஜன்னல் வழியாகப் போய்த் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அடுத்த சூராவை ஓத வேண்டும். எனக்குக் குரல் எழும்பவில்லை. அப்படியே நின்றேன். தொழுகையில் பேசக் கூடாது. லாத்தா தோளால் என் இடுப்பில் ஓர் இடி இடித்தார்.

ஓதினேன்.